சீஷெல்ஸ் முதல் பயணம்: பேருந்திலும் படகிலும் சுற்றிய 11 நாள்

தோணிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். போன அக்டோபரில் நானும் மனைவியும் 11 நாள் சீஷெல்ஸில் இருந்துவிட்டு வந்தோம். கிளம்பும் முன் தமிழில் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைத்ததெல்லாம் தேனிலவு பேக்கேஜ் விளம்பரம்தான். வெள்ளை மணல், தண்ணீருக்கு மேல் ஊஞ்சல், அதில் ஒரு ஜோடி. அந்த நாட்டில் பேருந்து ஓடுகிறதா, சந்தை எங்கே, அங்குள்ளவர்கள் என்ன பேசுகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒரு வரி கிடையாது. அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். போய் வந்தவர்கள் விட்டதைச் சேருங்கள், தப்பிருந்தால் திருத்துங்கள்.

மும்பையிலிருந்து நேரடி விமானத்தில் நாலு, நாலரை மணி நேரம். துபாய், தோஹா வழியாகவும் போகலாம். பூமத்திய ரேகைக்குக் கொஞ்சம் தெற்கே, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து 1,500 கிலோமீட்டர் கிழக்கே நடுக்கடலில் கிடக்கிறது. 115 தீவுகள் என்று வழக்கமாகச் சொல்வார்கள். அத்தனையையும் சேர்த்தாலும் நிலப்பரப்பு நம் சென்னை மாநகராட்சியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மக்கள் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர், அதில் மிகப் பெரும்பாலோர் மாஹே என்ற ஒரே தீவில். அடுத்து பிராலின், அதற்கடுத்து லா டீக். முதல் முறை போகிறவர்கள் இந்த மூன்றைப் பார்த்தால் போதும், மற்றதெல்லாம் தனித் தீவு விடுதி, அல்லது ஆராய்ச்சியாளர் மட்டும் போகும் இடம்.

மாஹே என்றதும் நம் புதுச்சேரியைச் சேர்ந்த மாஹே ஞாபகம் வரும். சீஷெல்ஸ் மாஹேவுக்கு மாஹே தெ லா பூர்தொனே பெயரை வைத்தார்கள். மொரீஷியஸை ஆண்ட பிரெஞ்சு ஆளுநர் அவர். 1746-ல் கப்பற்படையோடு வந்து ஆங்கிலேயரிடமிருந்து சென்னைக் கோட்டையைப் பிடித்தவரும் அதே ஆள்தான். விக்டோரியா நகரில் நின்றுகொண்டு இதை மனைவியிடம் சொன்னபோது எனக்கே சிலிர்த்தது.

இந்தத் தீவுகளில் பூர்வகுடி என்று யாரும் கிடையாது. 1770-ல் செயின்ட் ஆன் என்ற சின்னத் தீவில் முதல் குடியேற்றம். வந்து இறங்கியது மொத்தம் 28 பேர், அதில் ஐந்து பேர் இந்தியர்கள். அப்புறம் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், பிற்பாடு இந்திய, சீன வணிகர்கள். 1814-ல் பிரிட்டன் கைக்குப் போய், 1976 ஜூன் 29-ல் விடுதலை. பேசுவது கிரியோல். ஆங்கிலமும் பிரெஞ்சும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும், ஆனாலும் கடைக்குள் நுழையும்போது "போன்சூர்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொல்லாமல் நேராக விலை கேட்டால் முகம் சுருங்கும், அவர்கள் ஊரில் அது மரியாதைக் குறைவு. "கி மான்யேர்" என்றால் எப்படி இருக்கிறீர்கள். இந்த இரண்டும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

நுழைய விசா வேண்டாம், எந்த நாட்டுக்காரருக்கும் வேண்டாம். ஆனால் கிளம்பும் முன் இணையத்தில் கட்டணம் கட்டிப் பயண அனுமதி வாங்க வேண்டும். திரும்பும் டிக்கெட், தங்கும் ஒவ்வொரு இரவுக்கும் விடுதிப் பதிவு, இரண்டும் கேட்பார்கள். மும்பையில் எங்களுக்கு முன் நின்ற ஒரு குடும்பம் முதல் நாலு இரவுக்குத்தான் அறை போட்டிருந்தது. மீதியைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார்கள். வரிசையில் ஒதுங்கி நின்று போனில் அவசரமாக அறை தேடினார்கள், பார்க்கவே கஷ்டமாக இருந்தது. எல்லா இரவுக்கும் போட்டுவிட்டே கிளம்புங்கள். தங்கும் விடுதியின் அளவைப் பொறுத்து ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று சுற்றுச்சூழல் வரியும் உண்டு, அதையும் கணக்கில் வையுங்கள்.

சரி, பேருந்து. மாஹேயின் பெரிய சுகம் இதுதான். விக்டோரியா நிலையத்திலிருந்து தீவின் எல்லா மூலைக்கும் போகிறது. டாக்சிக்குக் கொடுப்பதில் சின்னப் பங்குதான் ஆகும். மலை ஏறி இறங்கும் பாதையில் ஓட்டுகிற வேகம் இருக்கிறதே, ஜன்னல் கம்பியை நான் விடவேயில்லை. இறங்க வேண்டிய இடம் நெருங்கும்போது "தெவான்!" என்று சத்தமாகக் குரல் கொடுப்பார்கள், முன்னால் நிறுத்து என்று அர்த்தம். முதல் நாள் எங்கள் நிறுத்தம் தாண்டியும் நான் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் இருந்த பாட்டி என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு எனக்காகக் கத்தினார். மூன்றாம் நாள் நானே கத்தினேன், வண்டி நின்றது, அப்படி ஒரு சந்தோஷம். பெரிய பெட்டியோடு ஏற விடமாட்டார்கள், ஆகவே விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு மட்டும் டாக்சி சொல்லிவிடுங்கள்.

விக்டோரியா மிகச் சின்னத் தலைநகரம். நடுவில் வெள்ளிநிற வர்ணம் பூசிய மணிக்கூண்டு, 1903-ல் வைத்தது, அரை மணி நேரத்தில் ஊரையே சுற்றிவிடலாம். ஆனால் சந்தையில் மட்டும் ஒரு காலைப் பொழுது முழுக்கச் செலவிடுங்கள், சனிக்கிழமை என்றால் இன்னும் நல்லது. மீன் வெட்டும் மேடைகளின் மேல் வெள்ளைக் கொக்குகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். உண்ணிக்கொக்குதான், நம் வயலில் மாட்டோடு திரிகிற அதே பறவை. அங்கே மாடு இல்லாத குறைக்கு மீன்காரருக்குப் பக்கத்தில் நிற்கிறது. கத்தி இறங்கி ஒரு குடல் துண்டு ஓரத்தில் விழுந்ததும் லபக். மீன்காரர் விரட்டுவதே இல்லை. உள்ளே பட்டை, ஜாதிக்காய், வெனிலா, மிளகாய் ஊறுகாய், பாட்டிலில் அடைத்த, புளிப்பான பிலிம்பிக்காய்.

இன்னும் பிராலின், லா டீக் பாக்கி. ராத்திரி எழுதுகிறேன்.

மலைக்கோட்டை:

அண்ணா, அருமையாகப் போகிறது. இரண்டு கேள்வி. அம்மாவையும் கூட்டிப் போக ஆசை, அவருக்கு 64 வயது, சுத்த சைவம், முட்டைகூட கிடையாது. அங்கே சமாளிக்க முடியுமா? அப்புறம் எந்த மாதம் போவது? எங்களுக்கு மே மாதம்தான் லீவு என்றாலும் மாற்றிக்கொள்ளலாம்.

கணக்குப்பிள்ளை:

நான் ஒத்துப்போகவில்லை. இதே காசில் மாலத்தீவு போய்விட்டு வரலாம், நம் ஊரிலிருந்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். அதே நீலத் தண்ணீர், அதே வெள்ளை மணல். சீஷெல்ஸில் ஒரு சாதாரண ஹோட்டலில் இரண்டு பேர் மீனும் சோறும் சாப்பிட்டால் நம் காசில் 4,000 ரூபாய் ஆகிறது என்று நண்பன் சொன்னான். எதற்கு?

தோணிக்காரன்:

கணக்குப்பிள்ளை அண்ணே, உட்கார்ந்து சாப்பிடும் இடங்களில் உங்கள் நண்பர் சொன்னது சரிதான். ஆனால் உள்ளூர்க்காரர்கள் அப்படியா சாப்பிடுகிறார்கள்? மதியம் டேக்அவே கடை வாசலில் வரிசை நிற்கும். ஒரு பெட்டி நிறையச் சோறு, மேலே மீன் கறியோ பருப்போ, ஓரத்தில் பப்பாளிக்காய்ச் சட்னி. நாங்கள் 80, 90 சீஷெல்ஸ் ரூபாய் கொடுத்தோம், அவர்கள் ஒரு ரூபாய் நம் காசுக்கு ஏறத்தாழ ஆறு. ஒரு பெட்டியில் இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். தங்கியது ஒரு வீட்டின் மாடியில், அடுப்படியோடு, இரவுக்கு 70 யூரோ. மலிவு என்று சொல்லமாட்டேன், ஆனால் விளம்பரம் பார்த்துப் பயப்படுகிற அளவுக்கு இல்லை.

மாலத்தீவும் போயிருக்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த ஊர். ஆனால் இரண்டும் வேறு வேறு. மாலத்தீவு முழுக்கப் பவளத் திட்டு, கடல் மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் தட்டை நிலம். சீஷெல்ஸின் உள்தீவுகள், அதாவது மாஹே, பிராலின், லா டீக் பக்கம், கருங்கல் மலைகள். கோண்ட்வானா கண்டம் உடைந்து இந்தியாவும் மடகாஸ்கரும் விலகிப் போனபோது நடுவில் மிச்சமாக நின்ற துண்டு, பாறைக்கு 75 கோடி வயது என்கிறார்கள். மாஹேயில் மோர்ன் செஷெல்வா என்ற சிகரம் 905 மீட்டர். கடலில் குளித்துவிட்டு ஒரு மணி நேரத்தில் மேகத்துக்குள் நடக்கலாம். நாங்கள் மோர்ன் பிளாங்க் ஏறினோம். தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் பாதை தொடங்குகிறது, ஒரு மணி நேர ஏற்றம், வழியெல்லாம் ஈர வேரும் பாசியும், உச்சியில் மேற்குக் கரை முழுக்கக் காலடியில். பாதி வழியில் ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தால் பட்டை வாசம்! காட்டில் தானாக வளர்ந்து கிடக்கிறது. 1772-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஆன்ஸ் ரோயல் பக்கம் ஒரு வாசனைப்பயிர்த் தோட்டம் போட்டார்கள், டச்சுக்காரர்களின் ஏகபோகத்தை உடைக்கும் எண்ணத்தில். 1780-ல் தூரத்தில் ஒரு கப்பல் தெரிந்ததும் ஆங்கிலேயர் என்று நினைத்து, எதிரி கையில் சிக்கக் கூடாதென்று தாங்களே தோட்டத்துக்குத் தீ வைத்துவிட்டார்கள். வந்தது பிரெஞ்சுக் கப்பல். ஆனால் பட்டை விதைகளைப் பறவைகள் அதற்குள் மலையெல்லாம் கொண்டுபோய்ப் போட்டிருந்தன, அந்தக் காடுதான் இன்றும் நிற்கிறது.

மலைக்கோட்டை, மாதம் பற்றி: மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று. மழை குறைவு, வெயிலும் இதம், ஆனால் கடல் கொந்தளிக்கும், சில கரைகளில் பாசி ஒதுங்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை வடமேற்குக் காற்று, நல்ல மழை. இரண்டுக்கும் நடுவில் ஏப்ரலும், அக்டோபர் நவம்பரும் கடல் குளம்போல இருக்கும். அம்மாவோடு போவதானால் இந்த இடைக்காலத்தில் போங்கள். காரணம் படகு. மாஹேயிலிருந்து பிராலினுக்கு கேட் கோகோஸ் என்ற வேகப்படகு, ஒரு மணி நேரம். நாங்கள் தங்கிய வீட்டின் சொந்தக்கார அம்மா சொன்னார், ஜூலையில் அதில் ஏறுகிறவர்கள் பாதிப் பேர் காகிதப் பையோடுதான் இறங்குவார்களாம். அக்டோபரிலேயே என் மனைவிக்கு ஒருமுறை வாந்தி வந்தது. பின்பக்கம், கீழ்த்தளத்தில் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவு. பணம் இருந்தால் 15 நிமிட உள்ளூர் விமானமும் இருக்கிறது.

சைவம் பற்றி எனக்குத் தெரிந்தது: பருப்பு எல்லா இடத்திலும் உண்டு. கீரைச்சாறு உண்டு. பூசணிக்காய், கத்தரிக்காய், பப்பாளிக்காய் எல்லாம் சட்னியாக வரும், அவர்கள் வாயில் அது "சத்தீனி". குழம்புக்குப் பெயரே "கரி". தேங்காய்ப்பாலில் வாழைப்பழமோ மரவள்ளியோ போட்டு ஜாதிக்காயும் வெனிலாவும் சேர்த்துக் காய்ச்சும் "லாடோப்" அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும், நம் பால் கொழுக்கட்டையின் பாலைக் குடிப்பது மாதிரி இருந்தது. ஆனால் வாங்கும்முன் கேளுங்கள். உப்பு மீன் போட்டும் ஒரு லாடோப் இருக்கிறது.

பினாங்குக் காற்று:

சீஷெல்ஸ் என்றாலே எங்கள் மலேசியப் பள்ளிச் சரித்திரம்தான் நினைவுக்கு வருகிறது. பேராக் சுல்தான் அப்துல்லாவை, ஆங்கிலேய அதிகாரி பர்ச் கொலை செய்யப்பட்ட விவகாரத்தில், 1877-ல் அங்கேதான் நாடு கடத்தினார்கள். அந்தத் தீவில் கேட்ட ஒரு பாட்டின் மெட்டுதான் பேராக் மாநிலப் பாடலாகி, பிறகு எங்கள் தேசிய கீதத்தின் மெட்டாகவும் ஆனது என்று சொல்வார்கள். இன்றைய கானாவில் உள்ள அசாந்தியின் மன்னர் பிரெம்பேயும் 1900 முதல் 1924 வரை அங்கே சிறை, சைப்ரஸின் பேராயர் மகாரியோஸையும் 1956-ல் அங்கே கொண்டு வைத்தார்கள். இன்று ஜோடிகள் தேடிப் போகும் தீவு ஒரு காலத்தில் அரசர்களைக் கரையேற முடியாமல் அடைத்து வைத்த இடம். 1971-ல்தான் விமான நிலையம் வந்தது, அதுவரை கப்பல் ஒன்றுதான் வழி. பயணக் கட்டுரைகளில் இதையெல்லாம் யாரும் எழுதுவதில்லை என்பது எனக்கு மனக்குறை.

நெய்தல்:

தோணிக்காரன் ஐயா பிராலின் பற்றி எழுதும் முன் நான் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். தாவரவியல் படித்தவள் நான். இந்தத் தீவைப் பார்க்க பதினைந்து வருடம் காசு சேர்த்தேன்.

பிராலினில் வாலே தெ மே என்று ஒரு பள்ளத்தாக்கு, 1983 முதல் உலகப் பாரம்பரிய இடம். அங்கேதான் இரட்டைத் தேங்காய். நம் நாட்டு மருந்துக் கடையில் கடல் தேங்காய் என்பார்களே, அதே மரம். இயற்கையாக வளர்வது உலகத்திலேயே பிராலின், அதன் பக்கத்திலுள்ள க்யூரியஸ் என்ற இரண்டு தீவுகளில் மட்டும். பழைய காலத்தில் கொட்டை கடலில் மிதந்து வந்து மாலத்தீவுக் கரையிலும் நம் பக்கத்துக் கரையிலும் ஒதுங்கும். மரத்தை யாரும் கண்டதில்லை, ஆகவே கடலுக்கு அடியில் ஒரு மரம் காய்க்கிறது என்று நம்பினார்கள். அதன் தாவரவியல் பெயரில் இன்றும் மாலத்தீவுதான் இருக்கிறது. ஓட்டை இரண்டாக அறுத்துப் பக்கிரிகள் பிச்சைப் பாத்திரமாக வைத்திருந்தார்கள்.

வாசலில் காட்சிக்கு வைத்த ஒரு கொட்டையைத் தூக்கிப் பார்க்கலாம் என்றார்கள். தூக்கினேன். ஒரு கைக்குழந்தையை எடுப்பதுபோல அணைத்துத்தான் எடுக்க வந்தது, அவ்வளவு கனம். தாவர உலகிலேயே மிகப் பெரிய விதை இது, 20 கிலோவுக்கு மேலும் போகும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஒரு காய் முற்ற ஆறு ஏழு வருடம். உள்ளே நடந்தால் காற்றே இல்லாதது போலிருக்கும், திடீரென்று தலைக்கு மேல் கடகடவென்று சத்தம். தகரக் கூரையில் யாரோ ஓடுவது மாதிரி. அந்த விசிறி ஓலைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம்தான். நான் ஒரு இடத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். கறுங்கிளி என்கிற தேசியப் பறவையின் சீழ்க்கை கேட்டது, பறவை கண்ணில் படவில்லை. 1881-ல் இங்கே வந்த ஆங்கிலேயத் தளபதி ஜெனரல் கார்டன் இதுதான் பைபிளின் ஏதேன் தோட்டம் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு அது அதிசயமாகவே தோன்றவில்லை.

தயவுசெய்து ஒரு விஷயம். கடைகளில் இந்தக் கொட்டை விற்பார்கள். அரசு அனுமதிச் சான்றிதழும் எண்ணும் இல்லாமல் ஒருபோதும் வாங்காதீர்கள். திருட்டுக் காய் வெட்டு இந்த மரத்தை அழித்துக்கொண்டிருக்கிறது, சான்றிதழ் இல்லாவிட்டால் விமான நிலையத்தில் பறிமுதலும் ஆகும். காடு பார்க்கக் கொடுக்கும் கட்டணம் அதிகம் என்று நிறையப் பேர் முணுமுணுக்கிறார்கள். அந்தக் காடும், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற அல்டாப்ரா என்ற பவளத்தீவும் ஒரே அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கின்றன, இங்கே கொடுக்கும் பணம் அங்கேயும் போய்ச் சேருகிறது. அல்டாப்ராவில் ஒரு லட்சம் ராட்சத ஆமைகள். கொல்கத்தா அலிப்பூர் விலங்குக்காட்சியில் 2006-ல் இறந்த அத்வைதா என்ற கிழட்டு ஆமை அந்த இனம்தான்.

அப்புறம் கடற்கரையில் தகமாகா, தகமாகா என்று ஒரு மரத்தைச் சொல்வார்கள், ரம்முக்குக்கூட அந்தப் பெயர் உண்டு. அது வேறு ஒன்றுமில்லை, நம் புன்னை! சங்கப் பாட்டில் தலைவி காத்து நிற்கிற அதே புன்னை. லா டீக்கில் மணலை ஒட்டிச் சாய்ந்து கிடந்த ஒரு கிளையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். தாழையும் அங்கே உண்டு.

பவளம் பார்க்கப் போகிறவர்கள் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 1998-ல் கடல் சூடானபோது உள்தீவுகளில் பத்தில் ஒன்பது பங்கு பவளம் செத்துப்போனது, மெல்லத் தேறி வந்ததை 2016 வெப்பம் மறுபடி அடித்தது. மீன்கள் ஏராளம், ஆமைகளும் உண்டு, ஆனால் வண்ணப் பவளத் தோட்டம் என்று நினைத்துப் போனால் மனம் கனக்கும்.

தோணிக்காரன்:

நெய்தல் அம்மா, புன்னை என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே! அந்த மரத்தடியில் இரண்டு நாள் படுத்திருந்தேன்.

சரி, லா டீக். பிராலினிலிருந்து படகில் கால் மணி நேரம். தீவின் நீளமே ஐந்து கிலோமீட்டர்தான், கார் மிகக் குறைவு, எல்லோரும் சைக்கிள். பள்ளிக்கூடம் விட்டால் சீருடைப் பிள்ளைகள் சைக்கிளில் கூட்டமாக வருவதைப் பார்ப்பதே அழகு. இறங்கியதும் துறையிலேயே வாடகைக்குத் தருவார்கள், பிரேக்கை அழுத்திப் பார்த்து வாங்குங்கள், உட்புறச் சாலையில் இறக்கம் செங்குத்து. ஆன்ஸ் சோர்ஸ் தார்ஜான் என்ற கடற்கரைதான் எல்லாப் படங்களிலும் வருவது, வழுவழுப்பான ராட்சதப் பாறைகள், நடுவில் மணல். ஒரு பழைய தென்னந்தோப்புப் பண்ணைக்குள் போய்த்தான் அடைய வேண்டும், நுழைவுக் கட்டணம் உண்டு. காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் பிராலினிலிருந்து பகல் பயணக் கூட்டம் வந்துவிடும். அங்கே ஆழம் முழங்கால் வரைதான், அம்மாவை உட்கார வைத்துக் குளிக்க ஏற்ற இடம். ஆனால் தீவின் மறுபக்கம் கிராண்ட் ஆன்ஸ் இருக்கிறதே, பார்வைக்கு அதைவிட அழகு, இழுவை பயங்கரம். எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள், அதைப் படித்துவிட்டும் இறங்குகிறார்கள். மாஹேயில் ஆன்ஸ் இன்டெண்டன்ஸும் அப்படியே. "ஆன்ஸ்" என்றால் சிறு விரிகுடா, நிறையக் கரைப் பெயர்களில் அது வரும்.

இன்னொன்று, அந்த நாட்டில் கடற்கரை எல்லாம் பொதுச் சொத்து. பெரிய விடுதி சுற்றி வளைத்திருந்தாலும் கரைக்குப் போக உங்களுக்கு உரிமை உண்டு. சில இடங்களில் விடுதி நிலத்தைக் கடக்க முந்தின நாளே பெயர் கொடுத்து வைக்க வேண்டும்.

மலேரியா கிடையாது. விஷப் பாம்பு கிடையாது. பிளக் நம்முடையது இல்லை, இங்கிலாந்து மாதிரி சதுர மூன்று முனை. சாலையில் இடப்பக்கம். மணி நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால்.

கணக்குப்பிள்ளை:

சரி, மலை விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். விலை ஏன் இப்படி என்று நேற்று உட்கார்ந்து படித்தேன், என் துறை நிதி என்பதால் சுவாரசியமாகவே இருந்தது. விளைநிலம் மிகக் குறைவு, அரிசி முதல் முட்டைக்கோஸ் வரை பெரும்பகுதி கப்பலில் வருகிறது. வருமானம் சுற்றுலாவும் சூரை மீனும்தான், விக்டோரியா துறைமுகத்தில் இருக்கும் சூரை டப்பா ஆலை உலகப் பெரிய ஆலைகளில் ஒன்று. 2008-ல் கடன் கட்ட முடியாமல் கை விரித்து, பன்னாட்டு நிதியத்திடம் போய், ரூபாயின் மதிப்பைச் சந்தையிடம் விட்டார்கள். அங்கிருந்து எழுந்து 2015-ல் உலக வங்கிக் கணக்கில் உயர் வருமான நாடாகிவிட்டது. 2018-ல் கடல் பாதுகாப்புக்கென்றே ஒரு கடன் பத்திரம் வெளியிட்டார்கள், 1.5 கோடி டாலர், உலகத்தில் எந்த அரசும் அதற்கு முன் செய்யாதது. தங்கள் கடலில் 30 சதவீதத்தைக் காப்புப் பகுதியாகவும் அறிவித்துவிட்டார்கள். ஒரு லட்சம் பேர் உள்ள நாடு இதைச் செய்திருக்கிறது என்பது பெரிய காரியம். என் முதல் பதிவின் தொனி தப்பு.

மேஸ்திரி:

வணக்கம் அண்ணே. நான் அறந்தாங்கிப் பக்கம். 2016-லிருந்து மூன்று வருடம் மாஹேயில் கட்டட வேலை பார்த்தேன். இங்கே சுற்றிப் பார்ப்பதைப் பற்றித்தான் பேசுகிறீர்கள், ஆனாலும் இதைப் படிக்கிற நம் பையன்களுக்காக ஒன்று சொல்லியாக வேண்டும். விசா வேண்டாம் என்பதை வைத்து ஏஜெண்டுகள் ஏமாற்றுகிறார்கள். "சும்மா போய் இறங்கு, அங்கே வேலை மாற்றிக்கொள்ளலாம்" என்பார்கள். நம்பவே நம்பாதீர்கள். வேலைக்கு ஜிஓபி என்கிற அனுமதி வேண்டும். அது முதலாளி பெயரில் வாங்குவது, வேறு இடத்துக்கு மாற இஷ்டம்போல் முடியாது. என்னை அனுப்பிய ஏஜெண்டு ஒன்றரை லட்சம் வாங்கினான், சொன்ன சம்பளம் வேறு, கிடைத்தது வேறு. நான் இருந்த கம்பெனியில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மாதச் சம்பளத்தை நிறுத்தினார்கள். நாலு பேர் சேர்ந்து தொழிலாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தோம், அப்புறம்தான் வந்தது. நீங்கள் பார்க்கிற பெரிய விடுதிகளில் சுவர் எழுப்பியதில் நம் ஊர்க்காரர்கள் கையும் இருக்கிறது. பார்த்தால் ஒரு வார்த்தை பேசுங்கள் அண்ணே, தமிழ்ச் சத்தம் கேட்டால் அந்த நாள் நன்றாகப் போகும்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கோயில்தான். விக்டோரியாவில் குவின்சி தெருவில் நவசக்தி விநாயகர் கோயில், 1992-ல் கட்டியது. பச்சை மலை பின்னால் நிற்க, நம் ஊர்க் கோபுரம் நிறம் நிறமாக எழுந்து நிற்கும். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார்கள். அந்த நாளில் கிரியோல்காரர்களும் தெருவோரம் நின்று பார்ப்பார்கள். அந்த நாட்டில் பிள்ளை, நாயுடு, செட்டி, படையாச்சி என்று குடும்பப் பெயர் நிறைய உண்டு, நூறு நூற்றைம்பது வருடத்துக்கு முன் போனவர்களின் வாரிசுகள். நிறையப் பேருக்குத் தமிழ் போய்விட்டது, மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு. பிள்ளை என்று பெயர் வைத்த ஒரு அம்மா எங்கள் தங்குமிடத்துக்குப் பக்கத்து வீடு. ஒரு நாள் எனக்குக் காய்ச்சல், ஒரு கிண்ணத்தில் கீரைச்சாறு கொண்டு வந்து கொடுத்தார். "ப்ரெட் மூரும்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, மூடியைத் திறந்தேன், முருங்கைக்கீரை. "மூரும்" என்றால் முருங்கை அண்ணே. நான் "முருங்கை" என்றேன், அவர் "மூரும்" என்றார், இரண்டு பேரும் நாலைந்து தரம் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டோம். அந்தச் சாறு என் ஆத்தா வைப்பது மாதிரியே இருந்தது.

அங்கே பிள்ளைகளை ஹெராயின் பழக்கம் நிறையக் கெடுத்து வைத்திருக்கிறது, அது அந்த நாட்டின் பெரிய துயரம். அந்த அம்மா மகனும் அதில் போனவன்தான். அதனால் பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் கடற்கரையில் பையை விட்டுவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள், இருட்டிய பிறகு ஆளில்லாத பாதை வேண்டாம்.

மீன் சாப்பிடுகிறவர்கள் சாயங்காலம் மாஹேயின் போ வலோன் கடற்கரைப் பக்கம் போங்கள். சில இடங்களில் படகு வந்ததும் இன்னமும் சங்கு ஊதுவார்கள். சத்தம் கேட்டால் வீட்டிலிருந்து ஆளாளுக்குப் பை எடுத்துக்கொண்டு வருவார்கள். கானாங்கெளுத்தியை நாரில் கோத்து ஒரு கோர்வை இவ்வளவு என்று கொடுப்பார்கள். புளிக்குப் பதில் பிலிம்பிக்காய் போட்டுக் குழம்பு வைத்தால் போதும்.

மலைக்கோட்டை:

மேஸ்திரி அண்ணே, உங்கள் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முருங்கைக்கீரை வரும் இடத்தில் கண் கலங்கிவிட்டார். இப்போது அவர்தான் அவசரப்படுத்துகிறார். அக்டோபர் இரண்டாம் வாரம் டிக்கெட் போட்டுவிட்டோம், மாஹே ஐந்து நாள், பிராலின் மூன்று, லா டீக் இரண்டு. கடைசி வாரம் கிரியோல் திருவிழா என்கிறார்கள், அதற்கு லீவு போதவில்லை, பரவாயில்லை. அம்மா ஊறுகாய், பொடி, கொஞ்சம் காய்கறி எல்லாம் கட்டிக்கொண்டிருக்கிறார், கொண்டு போகலாமா? கோயிலுக்கு ஏதாவது வாங்கிப் போக வேண்டுமா?

தோணிக்காரன்:

காய்கறி, பழம், விதை எதுவும் வேண்டாம், தீவு என்பதால் நோய்ப் பூச்சி வந்துவிடும் என்று கண்டிப்பாகப் பார்ப்பார்கள். கடையில் வாங்கிய, சீல் பிரிக்காத பொடி என்றால் கேட்கும்போது எடுத்துக் காட்டிவிடுங்கள். பருப்பும் அரிசியும் விக்டோரியாவில் இந்தியக் கடைகளில் கிடைக்கும், சுமக்க வேண்டாம். அம்மாவுக்குப் பின்பக்கம் பட்டை வைத்த ரப்பர் செருப்பு ஒன்று வாங்குங்கள், பாறையும் ஈர வேரும் வழுக்கும்.

மேஸ்திரி:

கோயிலுக்கு ஒன்றும் வேண்டாம் அக்கா. பழனி விபூதி கிடைத்தால் நாலைந்து பொட்டலம் எடுத்துப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் நம் பையன்கள் நிற்பார்கள், கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.